முன்சக்கரத்தில் நுங்குக் குழிகள்

முதல் அநீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் நடந்தது. கொஞ்சம் பொறுங்கள் சார், உங்கள் கேள்விக்குத்தான் வருகிறேன். ஆனால் வரிசையாகத்தான் வருவேன். வரிசை கலைந்தால் வழக்கு நிற்காது. முப்பது வருடம் போராடியவன் சொல்கிறேன்.

முதலாவது. நான் இந்த இழுவை வண்டிக் கம்பெனியில் கிளீனராகச் சேர்ந்தபோது கிளீனரைக் கேபினுக்குள் உட்கார விடமாட்டார்கள். பின்னால் கொக்கிப் பக்கம் நின்றுகொண்டு வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டி வரைக்கும், கெட்டுப்போன லாரியின் முகத்தை நானும் என் முகத்தை அதுவும் பார்த்தபடி எத்தனை நாள் வந்திருக்கிறோம் தெரியுமா?

இரண்டாவது, தொண்ணூற்றாறு. அடையாள அட்டையில் என் பெயரைத் தப்பாக அடித்துக் கொடுத்தார்கள். பெரிய முதலாளி பூபாலனிடம் போய்ச் சொன்னேன். "கூப்பிட்டா திரும்பிப் பாக்கேல்லா? அது போதும்லே" என்றார். சாகும்வரை உண்ணாவிரதம் அறிவித்தேன். மதியம் ஒன்றரை மணிக்கு என் மனைவி நெத்திலிக் குழம்போடு வந்தாள். உண்ணாவிரதம் வெற்றிகரமாக ஒத்திவைக்கப்பட்டது. அட்டையில் பெயர் மாறவில்லை.

மூன்றாவது, இரண்டாயிரத்து நான்கு. பதினாறு பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த கோரிக்கை மனுவின் ஏழாம் பக்கத்தைக் கிழித்து, என் கண் முன்னாலேயே இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்தார் முதலாளி. ஏழாம் பக்கம் சார். முதல் பக்கம் என்றால்கூட மன்னித்திருப்பேன். அது வெறும் முன்னுரை.

நான்காவதுதான் உங்கள் கேள்வி. இப்போது வண்டியைச் சுற்றி வந்து ஏறும்போது முன்பம்பரில் முழங்கால் முட்டி "அம்மா" என்றீர்களே, அந்த இரும்பு. இதை எதற்கு இங்கே மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கோபமாகக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. நானும் அதையேதான் கேட்டேன். என்ன, நான் ஆயிரம் பிரதி அச்சடித்துக் கேட்டேன்.

நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். உங்கள் கார் பின்னால் பத்திரமாக வருகிறது. ஒரு காருக்கு இந்தப் பெரிய வண்டி அதிகம்தான். சின்ன வண்டி வேறு வேலைக்குப் போய்விட்டது. ஒர்க்ஷாப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். கதைக்கும் சரியாக முக்கால் மணி நேரம் ஆகும்.

என் பெயரா? அது கடைசியில் வரும். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது.

ஏன் புத்தகம் மாதிரிப் பேசுகிறேன் என்று உங்கள் முகம் கேட்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மற்றதையெல்லாம் துறைமுகச் சுவரில் ஒட்டியிருந்த துண்டறிக்கைகளைப் படித்துக் கற்றுக்கொண்டேன். மழையில் பாதி கிழிந்திருக்கும். அதனால் எனக்கு நிறைய விஷயங்களில் முதல் பாதி மட்டும் தெரியும். பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. வீட்டில் சாப்பிடும்போது, "குழம்பில் உப்பு குறைக்கப்பட்டிருப்பதை வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்பேன். "கண்டிச்சு முடிச்சதும் நீங்களே போட்டுக்கிடுங்க" என்பாள் மனைவி.

நான்காவது அநீதிக்கு வருவோம். இந்த வண்டி ஐந்து வருடத்துக்கு முன்னால் வாங்கியது. பழுதான கன்டெய்னர் லாரியைக்கூட மூக்கைத் தூக்கி இழுத்துக்கொண்டு வந்துவிடும். வரும்போதே முன்பம்பருக்குக் கீழே அந்த இரும்புப் பாளம் இருந்தது. எழுநூறு கிலோ. நாலு போல்ட். வண்டி வந்த முதல் வாரமே அதில் முட்டிக்கொண்டேன். முட்டிக்கொண்டது பெரிதில்லை. ஒற்றைக் காலில் நான் குதித்ததை மாடியிலிருந்து சின்ன முதலாளி பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எனக்கு ஐம்பத்து நாலு. அந்தச் சிரிப்பு முழங்காலில் விழவில்லை சார், இங்கே விழுந்தது.

மறுநாளே துண்டறிக்கை எழுதினேன். தலைப்பு: "தொழிலாளியின் முழங்காலும் முதலாளியின் இரும்பும்." மேனேஜர் ஆசீர்வாதம் நல்ல மனிதர், முதலாளி வர்க்கத்தின் கைப்பாவை என்றாலும் நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, அது வண்டிக்கு வேணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. முனையில ஒரு ரப்பர் துண்டு ஒட்டிருவோம், முட்டாது." புத்தகத்தையும் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் ஏமாற்று என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "எங்களுக்கு ரப்பர் துண்டு பிச்சை வேண்டாம். இரும்பை அகற்று!" என்றேன்.

எங்கள் சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். பதவிகள் பன்னிரண்டு. ஒரு பதவியைக் கூடுதலாக நானே சுமந்தேன். நாற்பத்தொரு நாள் போராட்டம். தினமும் காலையில் அரை மணி நேரம் வண்டி எடுக்காமல் கோஷம். கந்தையா அண்ணன் எங்கள் கோஷக்காரர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், தொண்டை மட்டும் ஆலைச் சங்கு. நான் யார் பெயரைச் சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் "வாழ்க"வா "ஒழிக"வா என்று முடிவு செய்வார். என் பெயருக்கு மட்டும் முகம் பார்க்கத் தேவையில்லை. அது நிரந்தர வாழ்க.

நாற்பத்தொன்றாம் நாள் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "அதைக் கழத்தி அவன் தலையில வைங்கலே. எனக்குக் காது வலிக்கி" என்றார். கழற்றினோம். சங்க வரலாற்றில் ஒரே முழு வெற்றி. அந்த வண்டியின் கிரேனாலேயே அந்த இரும்பைத் தூக்கி, ஷெட் வாசலில் சங்கத்தின் அறிவிப்புத் தட்டி முன்னால் இறக்கி வைத்தேன். சிவப்புப் பெயின்ட் அடித்து "வெற்றிச் சின்னம்" என்று எழுதினேன். அதன்மேல் கொடிக்கம்பம் நட ஒரு ஓட்டை தேவைப்பட்டது. பார்த்தால் அதில் ஏற்கெனவே நாலு ஓட்டை இருந்தது! என்ன வசதி என்று அன்றைக்கு வியந்தேன். ஒன்றில் கம்பம், மற்ற மூன்றில் விழா நாளில் ஊதுபத்தி. அதன்மேல் ஏறி நின்றுதான் அதற்கப்புறம் எல்லாக் கூட்டத்திலும் பேசுவேன். ஒரு அடி உயரம் கூடியது. நான் கொஞ்சம் குள்ளம், பார்த்திருப்பீர்கள்.

அடுத்த இதழில், ஆமாம், நாங்கள் இதழ் என்றுதான் சொல்வோம், ஒரு தாள் என்றாலும் இதழ், போராட்டத்தின் பயன்களைப் பட்டியல் போட்டேன். மூன்றாவது பயன் என்ன தெரியுமா? "பாரம் நீங்கியதால் ஸ்டியரிங் இப்போது பூப்போலச் சுழல்கிறது." இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிற்பாடு ஞாபகப்படுத்தினார்கள்.

இந்த வண்டிக்கு ஓட்டுநர் இரண்டு பேர். நானும் சுயம்புலிங்கமும். சுயம்பு முப்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசமாட்டான். நான் மூத்தவன், சங்க வேலையும் உண்டு என்பதால் கார், வேன் மாதிரிச் சின்ன இழுவையெல்லாம் நான் எடுத்துக்கொண்டு, கன்டெய்னர் லாரி, டேங்கர் எல்லாவற்றையும் அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சுயம்பு சொன்னான், "அண்ணாச்சி, லோடு தூக்கினா ஸ்டியரிங் ரொம்ப லேசா இருக்கு. திருப்புனா வண்டி கேட்க மாட்டேங்கு."

"அதுதான் தோழா வெற்றி" என்று முதுகில் தட்டினேன்.

அடுத்த மாதம் மறுபடி வந்தான். "இல்ல அண்ணாச்சி, நெசமாவே லேசா இருக்கு." இதழை எடுத்து மூன்றாவது பயனைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் போய்விட்டான். படித்துக் காட்டினால் சுயம்பு எதையும் மறுக்க மாட்டான். அது அவனுடைய பலவீனம் என்று அப்போது நினைத்தேன்.

பிறகுதான் முன்சக்கர டயர்களில் குழி விழ ஆரம்பித்தது. டயர் தேய்வது எல்லோருக்கும் தெரியும். காற்று கூடினால் நடுவில் தேயும், குறைந்தால் ஓரத்தில் தேயும், சக்கரம் கோணியிருந்தால் ஒரு பக்கம் தேயும். இது எதிலும் சேரவில்லை. டயரைச் சுற்றி அங்கங்கே, பெருவிரலால் நுங்கைத் தோண்டினது போலக் குழி. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் ஒரே தூரமும் இல்லை. பின்சக்கரங்கள் எட்டும் ரப்பர்ப் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தன. முன்னால் இரண்டு மட்டும் அம்மை போட்டிருந்தது. புது டயர் மாட்டினார்கள். நாலு மாதத்தில் அதற்கும் அம்மை.

ஒர்க்ஷாப் மேஸ்திரி சக்கரக் கோணம் பார்த்தார், சரி. ஷாக் அப்சார்பர் பார்த்தார், சரி. பேலன்ஸ் பார்த்தார், சரி. "எல்லாம் சரியாத்தான் இருக்கு, டயர் மட்டும் சரியில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆனி மாதம் விபத்து நடந்தது. சுயம்பு ஒரு கன்டெய்னர் லாரியைத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பாலத்தில் இறங்கி வருகிறான். லேசான தூறல். கீழே வளைவில் பிரேக் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறான். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேரே போய் ஒரு இளநீர்க் கடையை நசுக்கிவிட்டது. கடைக்காரர் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். இளநீர் விற்பவர் டீ குடித்ததால் உயிர் பிழைத்தார்.

மறுநாள் சுயம்புவுக்குத் தற்காலிக நீக்கம். ஆசீர்வாதம் டயரைக் காட்டினார். "டயரே சாட்சி சொல்லுது அண்ணாச்சி. தினமும் பிரேக்கைச் சவட்டிச் சவட்டி ஓட்டினாத்தான் இப்படிக் குழி விழும்." நீக்க அறிவிப்பில் எழுதியிருந்த வார்த்தை "கவனக்குறைவான ஓட்டுநர்." அந்த வார்த்தை நிரந்தரமானால் துறைமுகச் சாலையில் ஒரு கம்பெனியும் அவனைச் சேர்க்காது. கோழி வண்டி ஓட்டக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டியரிங் ஒன்றுதான்.

அவன் மனைவி பேச்சித்தாய் சங்கத் தட்டிக்கு வந்தாள். மீன் வலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கையில் அந்த அறிவிப்பு.

"அண்ணாச்சி, இதுக்கு என்ன செய்யப் போறீக?"

"ஆர்ப்பாட்டம், அதன்பின் கண்டனக் கூட்டம், அதன்பின்..."

"அவுக மூணு நாளாச் சோறு திங்கல. வண்டிச் சாவிய மாட்டுற ஆணியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. கூட்டம் எல்லாம் பொறவு போடுங்க. அந்தக் குழி எப்படி விழுந்துச்சுன்னு யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லுவாகளா மாட்டாகளா?"

சார், எனக்கு ரத்தம் கொதித்தது. பேச்சித்தாய்க்காக ஒரு பங்கு, உண்மையைச் சொன்னால் என் துண்டறிக்கைக்காக இரண்டு பங்கு. அன்றைக்கே எழுதினேன். "டயரில் விழுந்த குழி, யார் பறித்த குழி?" மலிவான டயர் வாங்கித் தொழிலாளியைப் பலி கொடுக்கிறார் முதலாளி என்பது என் வாதம். ஆதாரம் இல்லை. ஆனால் நடை நன்றாக வந்திருந்தது. இன்றைக்கும் சொல்வேன், என் எழுத்தில் ஆகச் சிறந்தது அதுதான். முடிவு தப்பாகப் போனதற்கு நடை என்ன செய்யும்?

பொது விசாரணை வேண்டும் என்று கோரினேன். நிபந்தனைகள் மூன்று. ஒன்று: முதலாளி வர்க்கத்தின் நிபுணர் கூடாது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர் வர வேண்டும், அவர் சொல்வதே முடிவு. இரண்டு: விசாரணை மூடிய அறையில் கூடாது, ஷெட் வாசலில், சாட்சிகள் முன்னால். மூன்று: குற்றவாளி யார் என்று தெரிந்ததும் அவர் பெயரை, தகப்பன் பெயரோடும் வகிக்கும் பொறுப்போடும், சங்கச் செயலாளர் கொடியின் கீழ் நின்று உரக்க வாசிக்க வேண்டும். யாருக்காகவும் மழுப்பக் கூடாது. அந்தப் பெயர் வாசிக்கப்பட்ட நிமிடமே சுயம்புவின் அறிவிப்பைக் கிழிக்க வேண்டும்.

ஆசீர்வாதம் இரண்டு தடவை படித்தார். "மூணாவது வேணுமா அண்ணாச்சி?" என்றார். "மூன்றாவதுதான் முக்கியம்" என்றேன். "அப்ப இதையும் எழுதிக்கிடுங்க. பேர் ஒண்ணும் வாசிக்காட்டா, இருக்கிற பேரே இருக்கும்" என்றார். அதாவது சுயம்புவின் பெயர். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூபாலன் என்ற பெயரை எந்த ஏற்ற இறக்கத்தில் வாசிப்பது என்று வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் எனக்கு எப்போதுமே பயம்.

நிபுணரையும் நானே தேர்ந்தெடுத்தேன். எட்டயபுரம் சாலையில் பழைய டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கும் ஜெசிந்தா. கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடி தொங்கவிட்டிருப்பார், ஆனால் டயரைக் கண்ணால் பார்க்கமாட்டார், உள்ளங்கையால்தான் பார்ப்பார். எந்த முதலாளிக்கும் "சார்" போடாதவர். அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். எனக்கும் போடமாட்டார் என்பதை யோசிக்கவில்லை.

விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாட்சிகள் நாற்பது பேருக்குக் குறையாது. எடை மேடைக்காரர், டீக்கடை முத்தையா, கன்டெய்னர் டிரைவர்கள், மீன் பெட்டி வண்டிக்காரர்கள், அந்த இளநீர்க்காரர். மாடியில் பெரிய முதலாளி, சின்ன முதலாளி. ஒரு ஓரத்தில் சுயம்பு, வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி. அவன் பக்கத்தில் பேச்சித்தாய். நான் வெற்றிச் சின்னத்தின் மேல் ஏறி நின்று முக்கால் மணி நேரம் முன்னுரை வழங்கினேன். ஜெசிந்தா அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். என் உரையை அவர் மதிக்கவில்லை என்று அப்போது வருத்தம்.

முதலில் டயரைத் தடவினார். "ரப்பர் நல்ல ரப்பர்" என்றார். என் முதல் வாதம் போயிற்று. "பிரேக் சவட்டினா பின்னாலயும் அடையாளம் இருக்கணும். பின்னால சுத்தமா இருக்கு" என்றார். ஆசீர்வாதத்தின் வாதமும் போயிற்று. கூட்டம் சுவாரசியமானது. பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்தார். கோலமாவு.

"என்ன தாயி, மார்கழியா?" என்றார் முத்தையா.

"டயரைக் கோலம் போடச் சொல்லப் போறேன், பாருங்க" என்றார் ஜெசிந்தா.

ஷெட் வாசலில் பத்தடி நீளத்துக்கு மாவைச் சலித்துத் தூவினார். வெறும் வண்டியை அதன்மேல் ஓட்டச் சொன்னார். ஒரு கன்டெய்னர் டிரைவர் ஓட்டினார். குழி விழுந்த இடம் தவிர முன்சக்கரத் தடம் முழுசாக விழுந்தது, பட்டன் பட்டனாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், அழகாக. பிறகு ஷெட்டில் கிடந்த ஒரு பழுது லாரியின் மூக்கைத் தூக்கி மாட்டச் சொன்னார். புது மாவு தூவி மறுபடி ஓட்டச் சொன்னார்.

சார், தடம் பாதிகூட விழவில்லை. நடுவில் மட்டும் மங்கலாக ஒரு கோடு. "இப்ப பிரேக்" என்றார். பிரேக் போட்டதும் கோடும் அறுந்தது. ஒரு தீற்றல், ஒரு இடைவெளி, ஒரு தீற்றல், ஒரு இடைவெளி. சக்கரம் தரையை விட்டு விட்டுக் குதித்திருக்கிறது. முத்தையா சொன்னார், "என்னய்யா இது, தவளை போன மாரி இருக்கு?"

"அதான் குழி" என்றார் ஜெசிந்தா. "பின்னால பாரத்தைத் தூக்கினா முன்னால கெளம்புது. கெளம்புன சக்கரம் குதிக்கும். குதிச்சு விழுந்து உரசுற இடமெல்லாம் குழி. இந்த டிரைவர் என்ன ஸ்டியரிங்கைத் திருப்புனாலும் வண்டி திரும்பாது. தரையில பட்டாத்தானே திரும்பும்? அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

பேச்சித்தாய் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுயம்பு அப்போதுதான் நிமிர்ந்தான். நான் சின்னத்தின் மேலிருந்து இரண்டு கையையும் தூக்கி, "உண்மை வென்றது!" என்று முழங்கினேன். கந்தையா அண்ணன் "வாழ்க!" என்றார்.

ஜெசிந்தா அதைக் காதில் வாங்கவில்லை. வண்டியின் முன்னால் போய்க் குனிந்து பம்பருக்கு அடியில் கையை விட்டார். "இவ்வளவு பெரிய இழுவை வண்டிய முன்னால கனம் இல்லாம எவனும் செய்ய மாட்டானே" என்று தனக்குத்தானே சொன்னார். கையை எடுத்தார். விரலில் துரு. "இங்க நாலு போல்ட் ஓட்டை இருக்கு. மத்த இடமெல்லாம் துரு, ஓட்டையைச் சுத்தி மட்டும் இல்ல. ஏதோ மாட்டியிருந்திருக்கு. என்ன இருந்துச்சு இங்க?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் செருப்புக்குக் கீழே சிவப்புப் பெயின்ட். "வெற்றி" என்ற பாதி தெரிந்தது. மற்றப் பாதியின்மேல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜெசிந்தா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் காலை நகட்டுங்க அண்ணாச்சி" என்றார். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி அளந்தார். கொடிக்கம்பத்திலிருந்து ஊதுபத்தி ஓட்டை வரைக்கும். போய் பம்பரை அளந்தார். திரும்பி வந்து டேப்பைச் சுருட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். மறுப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

ஆசீர்வாதம் ஒரு கோப்பைப் பிரித்து எங்கள் இதழை எடுத்தார். பத்திரமாக வைத்திருந்தார் சார். ஆயில் கம்பி துடைக்கவில்லை. என் எழுத்தை இத்தனை பத்திரமாக வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. உரக்கப் படித்தார். "பயன் மூன்று. பாரம் நீங்கியதால் ஸ்டியரிங் இப்போது பூப்போலச் சுழல்கிறது."

யாரோ சிரித்தார்கள். மாடியில் இல்லை. சின்ன முதலாளி சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஐந்தாவது அநீதியாக எழுதியிருப்பேன்.

"அண்ணாச்சி, மூணாவது நிபந்தனை" என்றார் ஆசீர்வாதம். அறிக்கைத் தாளை நீட்டினார். நானே எழுதி அச்சடித்தது. "குற்றவாளியின் பெயர்" என்பதற்கு எதிரே நீளமாக இடம் விட்டிருந்தேன். பூபாலனின் பெயருக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று அப்போதே அச்சகத்தில் கேட்டார்கள்.

இறங்கலாம் என்று பார்த்தேன். கொடியின் கீழ் நின்று என்று நானே எழுதியிருக்கிறேன். கொடி அந்த இரும்பில்தான் நிற்கிறது. அதன்மேலேயே நின்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். தெரிந்தோ தெரியாமலோ என் வாய் பழைய பாதையில் போயிற்று.

"குற்றவாளி... மனிதனை மனிதன் சுரண்டும் இந்தச் சமூக அமைப்பு!"

"ஒழிக!" என்றார் கந்தையா அண்ணன்.

ஓரத்திலிருந்து பேச்சித்தாய் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி கேட்டாள். "அதுக்குத் தகப்பன் பேரு என்ன அண்ணாச்சி?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் கொடிக்கம்பம் ஆடியது. சுயம்பு மட்டும் சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். லேசாக இருக்கிறது அண்ணாச்சி என்று இரண்டு தடவை வந்து சொன்ன முகம். ஆசீர்வாதத்தின் கையில் அவனுடைய நீக்க அறிவிப்பு, கிழிப்பதற்குத் தயாராக, இரண்டு விரலில் பிடித்தபடி. நான் பெயர் வாசிக்கவில்லை என்றால் அதில் இருக்கிற பெயரே இருக்கும்.

இதோ ஒர்க்ஷாப் வந்துவிட்டது. ஒரு நிமிடம், முடித்துவிடுகிறேன். இரும்பை மறுபடி மாட்டிவிட்டோம், அது நீங்கள் முழங்காலால் பார்த்ததுதான். டயரில் குழி நின்றுவிட்டது. சுயம்பு இப்போது சின்ன வண்டியில் இருக்கிறான், கார் இழுவையெல்லாம் அவனுக்கு. கன்டெய்னர்கள் எனக்கு. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ரப்பர் துண்டு? அது இன்னும் ஒட்டவில்லை சார். அதை நான் வாய் திறந்து கேட்க வேண்டுமே. இரும்பு விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ரப்பர் விஷயத்தில் என் நிலைப்பாடு மாறவில்லை.

அன்றைக்கு அந்தத் தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்தேன். கந்தையா அண்ணன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். குற்றவாளி என்றால் ஒழிக போடுவார், என் பெயர் என்றால் வாழ்க போடுவார். அடையாள அட்டையில் தப்பாக அடித்த பெயரைத் திருத்தவும் எனக்கு இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு மேடை கிடைத்திருந்தது. ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. எடை மேடையில் நின்றவருக்கும் கேட்கும்படி வாசித்தேன்:

"குற்றவாளி. மீட்பு வண்டி ஓட்டுநர் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும், சுடலையாண்டியின் மகனுமாகிய, போர்முரசு வெயிலுமுத்து."